உள்பக்கம் திரும்பியிருந்த நான்கு இலக்கம்

டயர் பளபளவென்று இருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். வண்டிப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் வேறு எதைச் சொல்ல மறந்தாலும் இதைச் சொல்ல மறக்கக்கூடாது என்று இதையே முதல் வரியாக எழுதுகிறேன்.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடம் வண்டி இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆள் ஏற்றும் வேன்கள், சரக்கு ஆட்டோக்கள், ஊருக்குள் ஓடும் டூட்டி கார் எல்லாம் என் கையில் இருந்தன. இவை போக, கம்பெனியின் கௌரவமாக ஒரு கார் ஷெட்டில் நின்றது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது தெரியும். பையர் கார். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்க வருகிறவர்களைக் கோவை விமான நிலையத்தில் ஏற்றி வருவதற்கென்றே வைத்திருக்கும் வண்டி. கம்ப்யூட்டர் திரையிலேயே பேசி முடித்துக்கொள்ளும் காலம் வந்த பிறகு பையர்கள் வருவது குறைந்துபோனது. கார் மட்டும் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. டிரைவர் சிவராசு வெள்ளிக்கிழமை தவறாமல் அதைக் கழுவி, டயருக்குக் கறுப்பு பாலீஷ் போட்டுவிடுவான். பார்த்தால் நேற்று ஷோரூமிலிருந்து வந்த மாதிரி இருக்கும்.

அந்த மினுமினுப்பில் ஏமாந்தவன் சிவராசு இல்லை, நான்தான்.

டயரின் பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எல்லோருக்கும் பாடம் எடுத்தவனே நான். அந்தக் காரின் டயரில் 185/60 R15 84T என்று இருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்றால் பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு அறுபது பங்கு. R என்பது உள்ளே நூலோட்டம் ரேடியல் வகை என்பதற்கு. 15 என்பது ரிம்மின் அளவு, அங்குலத்தில். 84 என்றால் ஒரு டயர் ஐந்நூறு கிலோ தாங்கும் என்று அர்த்தம், எண்பத்து நான்கு கிலோ என்று நினைத்துப் பதறிய ஒரு டிரைவரும் எங்களிடம் இருந்தார். T என்பது வேக எல்லையைக் குறிக்கும் எழுத்து. இன்னொரு டிரைவர் பக்கவாட்டில் போட்டிருந்த அதிகபட்சக் காற்றழுத்தத்தைப் பார்த்து அதே அளவுக்கு அடித்துவிட்டு வந்தார். அது தாண்டக்கூடாத எல்லை. அடிக்க வேண்டிய அளவு டிரைவர் கதவைத் திறந்தால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும் என்று அவரை நிற்க வைத்து ஒரு மணி நேரம் சொன்னேன். இவ்வளவு வாய் பேசிய நான் தவறவிட்டது நான்கே நான்கு இலக்கத்தை.

நீள்வட்டம் போட்ட கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு, டயர் எந்த வாரத்தில் தயாரானது என்பது. பின் இரண்டு, எந்த வருடம் என்பது. அதுதான் டயரின் ஜாதகம். பல டயர்களில் இது ஒரு பக்கம் மட்டும்தான் பொறிக்கப்பட்டிருக்கும். மாட்டுகிறவர் அந்தப் பக்கத்தை உள்ளே திருப்பி மாட்டிவிட்டால் வெளியே நின்று எத்தனை தடவை சுற்றி வந்தாலும் தெரியாது. பையர் காரை நாங்கள் இன்னொரு கம்பெனியிடமிருந்து ஓட்டின வண்டியாக வாங்கினோம். வாங்கிய அன்று நான்கு டயரையும் சுற்றி வந்து பார்த்தேன். நான்கு இலக்கம் எதிலும் தென்படவில்லை. பட்டன் புதுசு மாதிரி இருந்தது. தரையைக் கவ்வுகிற அந்தப் பள்ளமேட்டைத்தான் எங்கள் டிரைவர்கள் பட்டன் என்பார்கள். உள்பக்கம் பார்க்கக் கீழே படுக்க வேண்டும். அன்று நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். விட்டுவிட்டேன்.

சட்டை அழுக்காகக்கூடாது என்று விட்ட அந்த ஒரு நிமிடத்துக்கு ஐந்து வருடம் கழித்து ஒரு சித்திரை மாத மத்தியானத்தில் நான் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

மெகருன்னிசா எங்கள் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். தைத்து முடித்த ஒவ்வொரு பனியனையும் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, தையலையும் லேபிளையும் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் செக்‌ஷனின் வேலை. சரியாக இருந்தால் பாஸ். சரிசெய்ய முடிந்தால் ஆல்ட்டர். முடியாது என்றால் ரிஜக்ட். அந்த மேசையில் நான்காவது தீர்ப்பு கிடையாது. அவருக்கு ஒரே மகள், ரிஸ்வானா, சேலத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். எட்டு மாதம் முடியப்போகிறது, தலைப்பிரசவம், மகளை அழைத்துவர வேண்டும். உடம்பு குலுங்காமல் கூட்டிவரச் சொல்லி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டூட்டி காரைக் கொடுக்கும்படி முதலாளி என்னிடம் சொல்லிவிட்டார்.

டூட்டி காரைப் பார்த்தேன். ஏ.சி. ஓடவில்லை. டயர் வாங்கி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது, ஆனால் ஊர் சுற்றிச் சுற்றிப் பட்டன் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. பையர் காரை எடுத்துப் போகச் சொன்னேன்.

"நமக்கெதுக்குங்க சார் பையர் காரு? டூட்டி காரே போதுமுங்க" என்றார் மெகருன்னிசா.

"சம்பந்தி ஊட்டு வாசல்ல போய் எறங்கறீங்க. நல்ல வண்டியா போங்க. டயரெல்லாம் புதுசு மாதிரி இருக்குது, பாருங்க" என்று பள்ளத்தில் விரலை வைத்துக் காட்டினேன். விரல் நன்றாக உள்ளே போனது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே என்மேல் ஒரு பெருமை.

அதோடு நின்றேனா? சீர்ச் சாமான், பழக்கூடை, பலகாரப் பெட்டி வைக்க டிக்கியில் இடம் போதவில்லை என்று ஸ்டெப்னி டயரையும் கழற்றி ஷெட்டிலேயே வைக்கச் சொன்னேன். காலை ஏழரைக்குக் கார் கிளம்பியது.

அன்று ஷிப்மென்ட் நெருக்கடி. மாடியில் இடமில்லாமல் செக்கிங் மேசைகளில் இரண்டை ஷெட்டுக்கு இறக்கியிருந்தார்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து வேலை பார்க்கும் வளர்மதி என்ற பெண், நாற்காலி கிடைக்காமல் அந்த ஸ்டெப்னியைப் புரட்டிப் போட்டு, அட்டையை மேலே வைத்து உட்கார்ந்து பீஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் இரண்டு மணி சுமாருக்குச் சாப்பாட்டு மணி அடித்தபோது நான் அந்தப் பக்கம் போனேன். அவள் எழுந்து அட்டையை எடுத்தவள், டயரைக் காட்டிக் கேட்டாள்.

"சார், டயருக்கும் லாட் நம்பர் உண்டா? முப்பத்தொண்ணு பதிமூணுன்னு போட்ருக்கு."

"அது லாட் நம்பரில்ல கண்ணு. ரெண்டாயிரத்துப் பதிமூணாம் வருசம், முப்பத்தோராவது வாரம்..." என்று பாடம் எடுக்கும் வழக்கமான குரலில் ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்தி, குனிந்து நானே ஒரு தடவை படித்தேன்.

"அப்ப நான் எட்டாப்பு படிச்சுக்கிட்டு இருந்தேன் சார்" என்று சிரித்தாள் அவள்.

முப்பத்தோராவது வாரம் என்றால் ஆடி மாதம். நாங்கள் நின்றிருந்தது அந்த ஆடி கழிந்து பத்தாவது சித்திரையில். ஸ்டெப்னி மட்டும்தான் பழசோ என்று என்னை நானே தேற்றிப் பார்த்தேன். அதே கம்பெனி, அதே பட்டன் அச்சு. ஐந்தும் காரோடு சேர்ந்து பிறந்தவையாகத்தான் இருக்க வேண்டும். முந்தின கம்பெனியிலும் இங்கேயும் சும்மாவே நின்ற வண்டிக்குப் பட்டன் எங்கிருந்து தேயும்? தேயாமலே ரப்பர் கிழடு தட்டியிருக்கும். அதைத்தான் வாராவாரம் பாலீஷ் போட்டு மூடியிருக்கிறோம்.

"அந்தக் கார்ல இருக்கற நாலுலயும் என்ன போட்டிருக்குன்னு தெரியலயே" என்று வாய்விட்டுப் புலம்பினேன்.

"உள்பக்கம் பாக்கலையா சார்? பனியனுக்கே லேபிள் உள்பக்கந்தான இருக்கும்" என்றாள் வளர்மதி.

கேலியாகச் சொல்லவில்லை அவள். அவளுக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

சிவராசுவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஏழு தடவை போட்டேன். எடுக்கவில்லை. திரும்பக் கிளம்பியிருப்பார்கள், எடுக்க மாட்டான். வண்டி ஓடும்போது போனை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிட வேண்டும் என்று சட்டம் போட்டவன் நான். போன மாதம் ஒரு தடவை எடுத்துவிட்டான் என்று எல்லார் முன்னாலும் அவனைத் திட்டியவனும் நானே. மெகருன்னிசாவின் எண்ணைப் போட்டேன். வாசலில் இருந்து செக்யூரிட்டி கத்தினார்.

"சார், மெகருக்கா போனு இங்க பொட்டிக்குள்ள அடிக்குதுங்க!"

உள்ளே வருகிறவர்கள் செல்போனை வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். காலையில் மேசைகளைப் பங்கு பிரித்துக் கொடுக்க உள்ளே வந்த மெகருன்னிசா, மகளைப் பார்க்கப்போகிற அவசரத்தில் போனை வாங்காமலே காரில் ஏறியிருக்கிறார்.

ரிஸ்வானாவின் எண் யாரிடமும் இல்லை. ஆபீஸுக்கு ஓடி, மெகருன்னிசாவின் வேலைக் கோப்பைத் தேடச் சொன்னேன். வாரிசுப் படிவத்தில் மகள் பெயரும் எண்ணும் இருந்தன. எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வெளியே வந்து, உடனே போடாமல் நின்றேன். அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

காலையில் இதே டயர்தானே சேலம் போய்ச் சேர்ந்தது, மெதுவாக வந்து சேர்ந்துவிட மாட்டார்களா என்று ஒரு மனம். காலையில் போனது குளிர்ந்த ரோட்டில், இரண்டே பேரோடு. இப்போது அனல் பறக்கும் நால்வழிச் சாலை, கூட வருவதாகச் சொல்லியிருந்த மாப்பிள்ளையின் அம்மாவும் சேர்த்து நான்கு பேர், டிக்கி நிறையச் சாமான், ஸ்டெப்னி இல்லை. நிறுத்தச் சொன்னால் பிள்ளைத்தாய்ச்சி வெயிலில் நிற்க வேண்டும். "டயர் வெடிச்சிரும்" என்று சொன்னால் அந்தப் பெண் என்ன ஆவாள்? சிவராசு பயந்துபோய் பிரேக்கை ஓங்கி மிதித்தால்? என்ன சொல்வது என்று முடிவு செய்யாமல் போனைப் போடக்கூடாது என்று மட்டும் தோன்றியது. முடிவு செய்துகொண்டு போட்டேன்.

நல்ல வேளை, ரிஸ்வானா எடுத்தாள்.

"கண்ணு, நான் கம்பெனி வண்டி சார் பேசறேன். எங்க வந்துட்டு இருக்கீங்க?"

"சங்ககிரி தாண்டிட்டோமுங்க சார். அம்மாகிட்ட குடுக்கட்டுங்களா?"

"வேண்டாம், டிரைவர்கிட்ட நான் சொல்றத அப்படியே சொல்லு. பிரேக் போட வேண்டாம். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை மட்டும் எடுத்துட்டு, மெதுவா எடப்பக்கமா வந்து, அடுத்து வர்ற பெட்ரோல் பங்க்ல நெழலாப் பாத்து நிறுத்தச் சொல்லு."

அவள் சொல்வது கேட்டது. பிறகு, "ஏனுங்க சார், என்னாச்சுங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல கண்ணு. திடீர்னு பையர் வர்றாரு. அந்தக் காரு வேணும். வேற காரு நானே கொண்டாறேன்."

பக்கத்தில் வயதான ஒரு பெண்குரல் உயர்ந்தது. "சரிங்க சார்" என்று ரிஸ்வானா சின்னக் குரலில் சொல்லி வைத்துவிட்டாள். அவளைப் பதற்றப்படுத்தக்கூடாது என்றுதான் அந்தப் பொய். அன்றைக்கு அது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

டூட்டி காரை நானே எடுத்தேன். நான் போட்ட சட்டப்படி என் போனும் டேஷ்போர்டு பெட்டிக்குள் போனது. போய்ச் சேர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. பங்க்கில் நின்றுவிட்டார்களா, அதற்குள் ஏதாவது ஆகிவிட்டதா, எதுவும் தெரியாது. ரோட்டில் பிய்ந்து கிடந்த ஒவ்வொரு ரப்பர் துண்டையும் லாரி டயருடையதுதானா என்று பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எதிர்ச் சாலையில் கூட்டமாக யாராவது நின்றால் வேகத்தைக் குறைத்து எட்டி எட்டிப் பார்த்தேன். தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

பங்க்கில் வேப்பமரத்து நிழலில் கார் நின்றது. ரிஸ்வானா உள்ளே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா எனக்காகவே காத்திருந்தார்.

"புள்ளத்தாச்சியை நடு ரோட்டுல எறக்கிட்டு வெள்ளைக்காரனைக் கூப்பிடப் போறீங்களாக்கும்? காரு குடுக்க முடியாதுன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல? எங்க ஊட்டுக்காரரு வாடகைக் காரு வச்சு அனுப்பியிருப்பாரு."

மெகருன்னிசா சாமான்களை ஒவ்வொன்றாக அவரே தூக்கி டூட்டி காருக்கு மாற்றினார். நான் ஒரு கூடையைத் தூக்கப் போனபோது, "நீங்க உடுங்க சார்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டு, அந்த டொக்கு வண்டியில் சிவராசு அவர்களை அறுபதைத் தாண்டாமல் கூட்டிப் போனான்.

அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகு பங்க்கின் சுடு தரையில் மல்லாந்து படுத்து, காருக்கடியில் தலையை விட்டேன். அன்றும் வெள்ளைச் சட்டைதான். முன்னால் இரண்டிலும் 3113. பின்னால் வலதில் 3113. பின்னால் இடதில் 3013. பாலீஷ் படாத உள்பக்கம் முழுக்க, வெயிலில் காய்ந்த வண்டல் மண் மாதிரி வெடிப்பு ஓடியிருந்தது. இடது டயரின் உள்சுவரில் பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. ரிஸ்வானா உட்கார்ந்திருந்த பக்கம் அது. எழுந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பெட்ரோல் அடிக்கும் பெண் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுக்கும் வரை அழுதுகொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

கதை இங்கே முடிந்தால் நான் ஏதோ பெரிய ஆள் மாதிரி இருக்கும். முடியவில்லை.

மறுநாள் மெகருன்னிசாவிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொன்னால் பிள்ளைத்தாய்ச்சி காதுக்குப் போய்விடும் என்று முதல் வாரம் சாக்குச் சொன்னேன். பிரசவம் ஆகட்டும் என்று அடுத்த மாதம். உண்மையான காரணம் வேறு. டயரை விரல் வைத்துக் காட்டி, "புதுசு மாதிரி" என்று சொல்லி ஏற்றி அனுப்பியவன் நான். அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பயம். நல்ல மனதோடு சொன்ன பொய், என் மானத்தைக் காப்பாற்றும் பொய்யாக மாறியதை நானே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளியிடம் டயர் பழசு, மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன். பங்க்கிலேயே விட்டு வந்த காருக்கு ஐந்தும் புதிதாக வந்தன. நான்கு இலக்கம் வெளியே தெரியும்படி பக்கத்தில் நின்று மாட்டச் செய்தேன். பக்கவாட்டில் அவுட்சைடு என்று பொறித்திருந்தாலோ சுழலும் திசைக்கு அம்பு போட்டிருந்தாலோ அதன்படிதான் மாட்ட வேண்டும், அந்த மாதிரி டயருக்குப் படுத்துத்தான் பார்க்க வேண்டும். இவ்வளவையும் சரியாகச் செய்த எனக்கு ஒரு வாக்கியம் பேச வரவில்லை. மெகருன்னிசா என்னிடம் "ஆமாங்க", "இல்லீங்க" என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

பேத்தி பிறந்து நாற்பதாம் நாள் கழிந்து, ஒரு காலையில் மேசை மேசையாக இனிப்புக் கொடுத்துக்கொண்டு வந்தார். கடைசியில் என் மேசைக்கு வந்து, காகிதத்தில் ஒரு துண்டை வைத்துவிட்டுத் திரும்பினார். அதைத் தாங்க முடியவில்லை.

"மெகரும்மா, ஒரு நிமிசம் ஷெட்டுக்கு வர்றீங்களா?" என்றேன்.

புடைத்த டயரை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். வெளிப்பக்கத்தைக் காட்டினேன். இன்னும் கறுப்பாக மின்னிக்கொண்டிருந்தது. பிறகு புரட்டிப் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். பையர் வரவே இல்லை என்பதையும் சொன்னேன்.

மெகருன்னிசா குனிந்து, துணியில் ஓட்டை தடவிப் பார்க்கும் அதே கட்டைவிரலால் அந்தப் புடைப்பைத் தடவினார். வெடிப்பின் மேலேயே விரலை ஓட்டி, நான்கு இலக்கத்தில் வந்து நிறுத்தினார்.

"எம் புள்ள இதுக்கு மேலதான் உக்காந்திருந்தாளுங்களா?"

"ஆமாங்க."

"அன்னிக்கு நிறுத்தச் சொன்னீங்களே, அதுக்கு அல்லா உங்களுக்கு நல்லது செய்யட்டும்" என்றார். பிறகு குரல் மாறியது. "ஆனா ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுங்க சார். நடு ரோட்டுல எறக்கி உட்டாங்கன்னு எங்க சம்பந்தியம்மா போன்ல பேசறப்பெல்லாம் குத்திக் காட்டுறாங்க. எம் புள்ளையும் அதைக் கேக்க வேண்டியிருக்குதல்ல? சொல்லியிருந்தா நான் உங்களை என்ன அடிச்சிருப்பனுங்களா?"

"பயமா இருந்துச்சுங்க" என்றேன். வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அவர் ஏப்ரன் பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தார். சிவப்பு அம்பு ஒன்றை உரித்து, என் வெள்ளைச் சட்டைப் பாக்கெட்டின் மேல் ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார்.

"ரிஜக்டுங்களா?" என்று கேட்டேன். சிரிப்பாகத்தான் கேட்க நினைத்தேன்.

"இல்லீங்க சார். ஆல்ட்டர்" என்றார். செக்யூரிட்டியிடம் போய்த் தன் போனை வாங்கிவந்து, ஓர் எண்ணைப் போட்டு என் கையில் கொடுத்தார். "இதையே எங்க சம்பந்தியம்மாகிட்ட சொல்லுங்க. அப்பறம் பாஸ் போடறதா வேண்டாமான்னு பாக்கலாம்."

மணி அடித்துக்கொண்டிருந்தது. எடுக்காமல் போய்விட மாட்டார்களா என்று அற்பமாக ஓர் ஆசை வந்தது. எடுத்துவிட்டார்கள்.

"அம்மா, நான் பனியன் கம்பெனி வண்டிக்காரன் பேசறனுங்க" என்று ஆரம்பித்தேன்.